பிரியாணிக்குப் பின் ஒரு கேப்ஸ்யூல்: கொழுப்பு, அழற்சி, ஆன்டி ஆக்சிடன்ட்

மஞ்சள் கேப்ஸ்யூல், திராட்சை விதை மாத்திரை, கிரீன் டீ சாறு என்று எதை எடுத்தாலும் விளம்பரத்தில் ஒரே பேச்சுதான். கொழுப்பான சாப்பாடு உடம்பில் ‘இன்ஃப்ளமேஷனை’, அதாவது அழற்சியை, கிளப்புமாம், இதில் இருக்கும் ஆன்டி ஆக்சிடன்ட் அதை அடக்கிவிடுமாம். உறவினர் வாட்ஸ்அப் குழுவிலும் இதே செய்திதான், கூடவே பூ படம் ஒன்று.

முழுப் பொய் என்று இதைத் தள்ளிவிட முடியாது. கொழுப்பான உணவுக்குப் பின் ரத்தத்தில் சில மாற்றங்கள் நடப்பது உண்மை. சில தாவரப் பொருட்கள் அந்த மாற்றங்களில் சிலவற்றைக் குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் காட்டியிருப்பதும் உண்மை. ஆனால் அங்கிருந்து ‘ஆகவே தினமும் ஒரு கேப்ஸ்யூல்’ என்று தாவுவதற்குள் மூன்று நான்கு படிகளை விழுங்கிவிடுகிறார்கள். அந்தப் படிகளை வரிசையாகப் பார்ப்போம். வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

தின்ற கொழுப்பு ரத்தத்துக்கு வரும் வழி

சோறோ சர்க்கரையோ செரித்ததும் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. கொழுப்பின் பாதை வேறு. அது தண்ணீரில் கரையாது, ரத்தமோ பெரும்பாலும் தண்ணீர். எனவே பித்தநீர் அதைச் சிறு துளிகளாக உடைக்கிறது, கணையத்திலிருந்து வரும் நொதி வெட்டுகிறது, குடல் சுவரின் செல்கள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அதே செல்கள் அதை மறுபடி ஒட்டி, புரத உறை போட்டு, பொட்டலமாகக் கட்டி அனுப்புகின்றன. உள்ளே இருக்கும் கொழுப்பின் பெயர் டிரைகிளிசரைடு. நாம் சாப்பிடும் எண்ணெய், நெய், கறிக்கொழுப்பு எல்லாமே பெரும்பாலும் இதுதான். பொட்டலத்தின் பெயர் கைலோமைக்ரான்.

இந்தப் பொட்டலங்கள் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு, நிணநீர்க் குழாய் வழியாக மேலே ஏறி, இடது கழுத்துக்குக் கீழே உள்ள ஒரு பெரிய சிரையில் ரத்தத்தோடு கலக்கின்றன. நிறைய எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டுக்குச் சில மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துத் தெளியவைத்தால், மேலே நிற்கும் திரவம் சிலருக்குப் பால் போல் வெளுத்திருக்கும். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்பவர்களுக்கு இது பழகிய காட்சி.

கோயம்பேடு சந்தையைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் இரவு லாரிகள் வரும், லோடுமேன்கள் மூட்டையை இறக்குவார்கள், காலி லாரி கிளம்பிவிடும். பொங்கலுக்கு முந்தின நாள் லாரிகள் பல மடங்கு. லோடுமேன்கள் அதே ஆட்கள். அப்போது லாரிகள் சாலையிலேயே நிற்கும், பாதி இறக்கிய வண்டிகள் குறுக்கே மறிக்கும், ஹாரன் சத்தம், தள்ளுமுள்ளு.

ரத்தக் குழாய்களில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்ற நொதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. லோடுமேன் அதுதான். கடந்து போகும் கைலோமைக்ரானிலிருந்து கொழுப்பை இறக்கி அக்கம்பக்கத்துச் செல்களுக்குக் கொடுக்கும். பாதி காலியான பொட்டலத்தைக் கல்லீரல் வாங்கிக்கொள்ளும். டிரைகிளிசரைடு சாப்பிட்ட மூன்று, நான்கு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் பழைய நிலைக்கு இறங்குவது வழக்கம்.

எட்டு மணி நேரம் என்பதைக் கவனியுங்கள். காலை எட்டரைக்குப் பூரி, ஒரு மணிக்குச் சாப்பாடு, நாலரைக்குப் பஜ்ஜி, ஒன்பதுக்குப் பரோட்டா என்று போகிறவருக்கு, முதல் சுமை இறங்குவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நாம் ‘சாப்பிட்ட பின்’ நிலையில்தான் இருக்கிறோம். வெறும் வயிற்று ரத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், 1979-இல், டொனால்டு சில்வர்ஸ்மிட் என்ற ஆய்வாளர் இதை அழுத்திச் சொன்னார்: ரத்தக் குழாயில் கொழுப்புப் படிவது சாப்பாட்டுக்குப் பிந்தைய மணி நேரங்களோடு தொடர்புடைய விஷயமாக இருக்கலாம் என்று. சாப்பிட்ட பின் நடப்பதை ஆராயும் ஒரு பெரிய துறைக்கு அந்தக் கருத்து தூண்டுகோலாக இருந்தது.

அழற்சி எங்கே வருகிறது

காலில் முள் குத்தினால் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. உடம்பின் காவல் அமைப்பு அங்கே ஆள் அனுப்பியிருக்கிறது என்று பொருள். இதுதான் அழற்சி. இது இல்லாவிட்டால் ஒரு சிராய்ப்பே நம்மைக் கொன்றுவிடும். ஆகவே ‘அழற்சியை ஒழிப்போம்’ என்று யாராவது சொன்னால் சற்றுத் தள்ளி நில்லுங்கள்.

சாப்பாட்டுக்குப் பின் வருவது இந்த மாதிரி கண்ணுக்குத் தெரிகிற அழற்சி அல்ல. வீக்கமில்லை, வலியில்லை, சாப்பிட்டவருக்கு எதுவும் தெரியாது. ரத்தத்தில் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை சற்றுக் கூடும், அவை கொஞ்சம் உசுப்பிவிட்ட நிலையில் இருக்கும், அவை ஒன்றுக்கொன்று அனுப்பும் சில வேதிச் செய்திகள் கூடும். அப்படி ஒரு செய்தி மூலக்கூறுதான் இன்டர்லூகின்-6. இந்தக் கட்டுரையில் அடிக்கடி வரும் என்பதால் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படி? இரண்டு காரணங்கள் முக்கியமாகப் பேசப்படுகின்றன. ஒன்று, நெரிசல். ரத்தக் குழாயின் உட்புறத்தில் ஒற்றைச் செல் தடிமனில் ஒரு மெல்லிய உள்ளுறை இருக்கிறது. பாதி இறக்கிய பொட்டலங்களும் உதிர்ந்த கொழுப்பு அமிலங்களும் அதன் அருகே அதிக நேரம் தங்கினால் அந்த உள்ளுறை எரிச்சலடைகிறது. மற்றொன்று எனக்கு இன்னும் சுவாரசியமானது. நம் குடலில் இருக்கும் பாக்டீரியாக்களில் ஒரு வகைக்கு, வெளிச் சுவரில் எண்டோடாக்சின் என்ற பொருள் உண்டு. ரத்தத்தில் இது மிகச் சிறிய அளவில் தென்பட்டாலும் காவல் அமைப்பு ‘பாக்டீரியா புகுந்துவிட்டது’ என்று எடுத்துக்கொள்ளும். இந்த எண்டோடாக்சின் கொழுப்போடு ஒட்டும் தன்மை கொண்டது. எனவே குடல் செல் கைலோமைக்ரானைக் கட்டும்போது, டிக்கெட் இல்லாத பயணி போல இதுவும் கொஞ்சம் ஏறிவிடுகிறது. கொழுப்பு மிகுந்த ஒரு வேளை உணவுக்குப் பின் ரத்தத்தில் எண்டோடாக்சின் சற்று உயர்வதை 2007-இல் இருந்து பல குழுக்கள் காட்டியிருக்கின்றன.

ஆக, இதுவரை: கொழுப்பு பொட்டலமாக ரத்தத்துக்கு வருகிறது, இறக்க நேரமெடுக்கிறது, அந்த நேரத்தில் குழாயின் உள்ளுறையும் வெள்ளையணுக்களும் லேசாக உசுப்பப்படுகின்றன. நோய் என்று சொல்ல எதுவும் இல்லை. ஆரோக்கியமானவருக்கும் நடக்கிறது, சில மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. நாள் முழுக்க, வருடக்கணக்கில் அடங்க விடாமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதுதான் மருத்துவர்களின் கவலை.

எவ்வளவு ஏறுகிறது?

விளம்பரம் சொல்லாமல் விடுகிற கேள்வி இது. கொழுப்பு உணவு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டது: இன்டர்லூகின்-6 பெரும்பாலான ஆய்வுகளில் ஏறுகிறது, வெள்ளையணு எண்ணிக்கையும் ஏறுகிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் ‘சிஆர்பி’ என்று பார்க்கிறார்களே, அந்த அழற்சிக் குறியீடு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அசைவதே அரிது. வேறு பல குறியீடுகள் ஓர் ஆய்வில் ஏறுகின்றன, மற்றொன்றில் ஏறுவதில்லை.

ஏறுகிற இன்டர்லூகின்-6 கூட ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு பிகோகிராம் அளவில்தான். பிகோகிராம் என்றால் ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்கு. ரத்தத்தில் கடும் தொற்று பரவிய நோயாளிக்கு இதே அளவு நூற்றுக்கணக்கில், சில நேரம் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்த ஆய்வுகளில் மணிக்கொரு தடவை ரத்தம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குத்த முடியாது என்று கையில் ஒரு கேனுலா, அதாவது ஐ.வி. ஊசி, செருகி வைத்துவிடுவார்கள். அந்த ஊசியே அந்த இடத்தில் சின்ன அழற்சியை உண்டாக்கி, அங்கிருந்து எடுக்கும் ரத்தத்தில் இன்டர்லூகின்-6-ஐ ஏற்றிவிடும் என்பது பிறகு தெரியவந்தது. சாப்பாட்டின் மேல் போட்ட பழியில் ஒரு பங்கு ஊசிக்கும் போக வேண்டும். சாப்பிடாமல் ஊசியோடு மட்டும் ஒரு நாள் உட்காரவைத்து ஒப்பிட்டுப் பார்க்காத ஆய்வுகளை நான் அரை மனதோடுதான் படிப்பேன்.

அப்புறம், ஆளுக்கு ஆள் வித்தியாசம். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2020-இல் வெளியிட்ட ‘பிரெடிக்ட்’ ஆய்வில் சுமார் ஆயிரம் பேருக்கு ஒரே மாதிரி உணவைக் கொடுத்து அளந்தார்கள். டிரைகிளிசரைடு ஏற்றம் ஆளுக்கு ஆள் பெரிய அளவில் மாறியது. ஒரே மரபணு கொண்ட இரட்டையர்களிடமும் வித்தியாசம் இருந்தது. ‘கொழுப்பு சாப்பிட்டால் இவ்வளவு அழற்சி’ என்று எல்லோருக்கும் பொதுவாக ஓர் எண் சொல்ல முடியாது.

ஆன்டி ஆக்சிடன்ட் என்ற பெயரும் மதிப்பெண்ணும்

இப்போது விளம்பர வாக்கியத்தின் இரண்டாம் பாதி. ஆக்சிஜனை வைத்து உணவை எரித்துத்தான் செல்கள் சக்தி எடுக்கின்றன. அப்போது சில மூலக்கூறுகள் ஓர் எலக்ட்ரான் குறைபாட்டோடு வெளியே வரும். பக்கத்தில் இருப்பதிடமிருந்து அதைப் பிடுங்கப் பார்க்கும். இவைதான் ஃப்ரீ ராடிக்கல். அவற்றுக்குத் தானாக எலக்ட்ரானைக் கொடுத்து அடக்கும் பொருள் ஆன்டி ஆக்சிடன்ட். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, தாவரங்களில் உள்ள பாலிஃபீனால்கள் எல்லாம் இந்த வகை. பாலிஃபீனால் என்பது ஒரு பெரிய குடும்பம்: மஞ்சளின் குர்குமின், தேயிலையின் கேட்டச்சின், திராட்சைத் தோலின் ரெஸ்வெரட்ரால், நாவல் பழத்தின் ஊதா நிறம் எல்லாம் அதில் அடங்கும்.

ஃப்ரீ ராடிக்கல் வெறும் வில்லன் அல்ல. வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்வதற்கு அதைத்தான் ஆயுதமாகப் பயன்படுத்துகின்றன. உடற்பயிற்சி செய்யும்போது தசையில் உண்டாகும் ஃப்ரீ ராடிக்கல், ‘உன்னை வலுப்படுத்திக்கொள்’ என்று தசைக்குத் தரும் சமிக்ஞையும் கூட. 2009-இல் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வில், உடற்பயிற்சியோடு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைச் சேர்த்து எடுத்தவர்களுக்கு, பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்குகிற அந்தப் பலன் கிடைக்காமல் போனது. தீயது என்று நினைத்ததை அடக்கப் போய் நல்லதையும் சேர்த்து அடக்கிவிட்டார்கள்.

‘கீரையை விட இத்தனை மடங்கு ஆன்டி ஆக்சிடன்ட்’ என்கிற மதிப்பெண் எங்கிருந்து வருகிறது? சோதனைக் குழாயில் ஃப்ரீ ராடிக்கலை விட்டு, எந்தப் பொருள் எவ்வளவு அடக்குகிறது என்று அளப்பார்கள். ‘ஓராக்’ என்ற அளவை அப்படி வந்ததுதான். அமெரிக்க வேளாண் துறை உணவுப் பொருட்களுக்கு இந்த மதிப்பெண் பட்டியல் ஒன்றை வைத்திருந்தது. 2012-இல் அதைத் தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. குழாயில் கிடைக்கும் மதிப்பெண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் தொடர்பு காட்டப்படவில்லை, நிறுவனங்களோ அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்துகின்றன என்பது துறை சொன்ன காரணம். மதிப்பெண்ணை விளம்பரங்கள் இன்னும் விட்டபாடில்லை.

உடம்பில் என்ன நடக்கிறது என்றால், தின்ற பாலிஃபீனாலில் சிறு பங்குதான் ரத்தத்துக்கு வருகிறது. வந்ததையும் குடலும் கல்லீரலும் உருமாற்றி, சிறுநீர் வழியாக வெளியேற்றப் பார்க்கின்றன. ரத்தத்தில் அதன் செறிவு பெரும்பாலும் ஒரு மைக்ரோமோலாரை (செறிவை அளக்கும் ஓர் அலகு) தாண்டுவதில்லை. அதே ரத்தத்தில் வைட்டமின் சி ஐம்பது மைக்ரோமோலார் சுற்றிலும், யூரிக் அமிலம் இருநூறிலிருந்து நானூறு வரையும் இருக்கிறது. மூட்டுவலிக்குக் காரணம் என்று திட்டு வாங்கும் யூரிக் அமிலம், நம் ரத்தத்தின் பெரிய ஆன்டி ஆக்சிடன்ட்களில் ஒன்று! ஏற்கனவே முந்நூறு காவலர்கள் நிற்கிற இடத்தில் இன்னும் ஒரே ஒரு காவலர் வந்து சேர்ந்தால் கூட்டம் அடங்கிவிடும் என்பது போலத்தான் இந்தக் கணக்கு.

2004-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓர் அழகான வேலை செய்தார்கள். ஆப்பிள் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் ஆன்டி ஆக்சிடன்ட் திறன் கூடியது. ‘பார்த்தீர்களா, பாலிஃபீனால்’ என்று சொல்லிவிட்டுப் போகாமல், ஏன் கூடியது என்று தோண்டினார்கள். ஆப்பிளில் உள்ள ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை உடம்பில் யூரிக் அமிலத்தை ஏற்றியதுதான் காரணமாக இருந்தது. அதாவது ‘ரத்தத்தில் ஆன்டி ஆக்சிடன்ட் கூடியது’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

அப்படியானால் தாவரப் பொருள் ஒன்றுமே செய்வதில்லையா?

செய்கிறது. ஆனால் விளம்பரம் சொல்கிற இடத்தில், சொல்கிற விதத்தில் அல்ல.

முதல் இடம் வயிறும் வாணலியும். கறிக்கொழுப்பும் கறியில் உள்ள இரும்பும் சூட்டிலும் வயிற்று அமிலத்திலும் சேர்ந்து, கெட்டுப்போன கொழுப்புத் துண்டுகளை உருவாக்குகின்றன. காறிப்போன எண்ணெயில் இருப்பது மாதிரியான சமாச்சாரம். இங்கே பாலிஃபீனால் நீர்த்துப்போகாமல் முழுச் செறிவில் இருக்கிறது, நேரடியாக வேலை செய்யவும் முடிகிறது. இஸ்ரேலில் 2008-இல் வான்கோழிக் கறியோடு சிவப்பு ஒயின் பாலிஃபீனாலைச் சேர்த்துக் கொடுத்தபோது, அந்தக் கெட்டுப்போன துண்டுகள் ரத்தத்தில் ஏறுவது அடங்கியது. கலிஃபோர்னியாவில் 2010-இல் ஹாம்பர்கர் கறியைச் சமைக்கும்போதே மசாலா கலந்தார்கள். கறியிலும் குறைந்தது, சாப்பிட்டவர்களின் ரத்தத்திலும் சிறுநீரிலும் குறைந்தது. கறியில் மஞ்சளும் மிளகும் இஞ்சியும் தடவி ஊறவைக்கிற நம் வீட்டுப் பழக்கத்தை இந்த ஆய்வு நேரடியாகச் சோதிக்கவில்லை. ஆனாலும் திசை அதுதான்.

இரண்டாவது, குடல். 2011-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மஞ்சள், பட்டை, கிராம்பு, இஞ்சி, மிளகு, பூண்டுப்பொடி உள்ளிட்ட 14 கிராம் மசாலாக் கலவையை உணவில் சேர்த்தபோது, டிரைகிளிசரைடு ஏற்றம் சுமார் 31 சதவீதம் குறைந்தது, இன்சுலின் சுமார் 21 சதவீதம் குறைந்தது. கொழுப்பை வெட்டும் நொதியை மசாலா மந்தப்படுத்தியிருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. அப்படியானால் இது லாரிகளையே மெதுவாக அனுப்புகிற வேலை, ஃப்ரீ ராடிக்கலை அடக்குகிற வேலை இல்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும்: அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்கள் ஆறே ஆறு ஆண்கள்.

அதே பல்கலைக்கழகம் 2020-இல் பன்னிரண்டு பேரை வைத்து, 2 கிராம், 6 கிராம் மசாலாவை ஒப்பிட்டது. சாப்பிட்ட பின் எடுத்த ரத்தத்தின் வெள்ளையணுக்களை ஆய்வகத்தில் தூண்டிவிட்டுப் பார்த்ததில், 6 கிராம் சேர்த்த உணவுக்குப் பின் அவை வெளியிட்ட அழற்சிச் செய்திகள் குறைவாக இருந்தன.

மூன்றாவது, செல்லுக்குள். சில பாலிஃபீனால்களை உடம்பு லேசான அன்னியப் பொருளாகவே பார்க்கிறது. அதைச் சமாளிக்கத் தன் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைக் கூடுதலாகச் செய்துகொள்கிறது. பாதுகாப்பு வருவது நொதிகளிடமிருந்து, பாலிஃபீனால் அலாரம் அடிப்பதோடு சரி. அமெரிக்காவின் பஃபலோவில் 2011-இல் வெளியான ஆய்வில், பத்துப் பேருக்கு ரெஸ்வெரட்ராலும் திராட்சைப் பாலிஃபீனாலும் கலந்த மாத்திரை கொடுத்துவிட்டு, 930 கலோரி கொண்ட கொழுப்பான துரித உணவு கொடுத்தார்கள். எண்டோடாக்சின் ஏற்றமும் சில அழற்சிக் குறியீடுகளும் குறைந்தன, பாதுகாப்பு நொதிகளுக்கான சமிக்ஞை கூடியது. மாத்திரைக்காரர்கள் காட்டக்கூடிய நல்ல சான்று இதுதான். கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வும்கூட. ஆனால் பத்துப் பேர், ஒரே ஒரு சாப்பாடு, சில மணி நேரம்.

சுருக்கமாக: தாவரப் பொருள் ரத்தத்தில் ஃப்ரீ ராடிக்கலைத் துரத்திப் பிடிக்கிறது என்ற படம் தவறு. வாணலியில், வயிற்றில், குடலில், செல்லின் சமிக்ஞையில் அது வேலை செய்யலாம். பெரும்பாலும் உணவோடு கலந்து, கிராம் கணக்கில் போனபோது கிடைத்த முடிவுகள் இவை.

குறியீடு குறைந்தால் நோய் குறையுமா?

எனக்கு இந்த விஷயத்தில் எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுவது ஒரு பழைய கதை. 1997-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் இருபது ஆரோக்கியமான ஆட்களுக்கு 900 கலோரியும் 50 கிராம் கொழுப்பும் உள்ள ஒரு காலை உணவு கொடுத்தார்கள். கையில் பட்டை கட்டி ஐந்து நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்தி, பிறகு திறந்துவிட்டு, ரத்தக் குழாய் எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் அளந்தார்கள். உள்ளுறை ஆரோக்கியமாக இருந்தால் நன்றாக விரியும். சாப்பாட்டுக்கு முன் 20 சதவீதம் விரிந்த குழாய், நான்கு மணி நேரம் கழித்து 8 சதவீதம்தான் விரிந்தது. முன்கூட்டியே வைட்டமின் சி-யும் ஈ-யும் கொடுத்த நாளில் இந்தச் சரிவு பெரிதாக இல்லை.

அசத்தலான முடிவு. தர்க்கமும் கச்சிதம்: கொழுப்பு உள்ளுறையைக் கெடுக்கிறது, ஆன்டி ஆக்சிடன்ட் காக்கிறது, ஆகவே மாரடைப்பு குறைய வேண்டும். வைட்டமின் ஈ-யைப் பொறுத்தவரை அதைச் சோதித்தும் பார்த்தார்கள். ‘ஹோப்’ என்ற பெரிய ஆய்வில், இதய ஆபத்து அதிகமுள்ள ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நான்கரை ஆண்டுகள் வைட்டமின் ஈ அல்லது போலி மாத்திரை எடுத்தார்கள். 2000-இல் முடிவு வந்தது. மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ இதய நோய் மரணத்திலோ எந்த வித்தியாசமும் இல்லை.

பீட்டா கரோட்டின் என்ற இன்னோர் ஆன்டி ஆக்சிடன்டின் கதை இன்னும் மோசம். பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களை வைத்து நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், அந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. இரண்டு வருடம் கழித்து, அமெரிக்காவில் அதே வகை ஆய்வொன்றைப் பாதியில் நிறுத்தினார்கள், அங்கும் கூடுதல்.

வைட்டமின் ஈ-யும் பீட்டா கரோட்டினும் குர்குமின் ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குர்குமினுக்கோ திராட்சை விதைக்கோ இந்த மாதிரி பெரிய, நீண்ட, மாரடைப்பை எண்ணிப் பார்த்த ஆய்வு எங்கே? கையில் இருப்பது 1997 ஆய்வைப் போன்ற சிறிய ஒரு நாள் ஆய்வுகள். அந்தக் கட்டத்தில் நின்றுகொண்டு ‘இதயத்தைக் காக்கும்’ என்று எழுதுவது அவசரம்.

மஞ்சள் தூளும் மஞ்சள் கேப்ஸ்யூலும்

நம் ஊரில் அதிகம் விற்பது இதுதான் என்பதால் தனியாகச் சொல்கிறேன். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் மூன்று சதவீதம். குழம்பில் ஒரு தேக்கரண்டி போட்டால், அதாவது சுமார் மூன்று கிராம், அதில் குர்குமின் நூறு மில்லிகிராமுக்குள். அதையும் நாலு பேர் பங்கு போட்டுச் சாப்பிடுகிறோம். 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஒன்றில் 95 சதவீதம் குர்குமின் வகைப் பொருட்கள் என்று போட்டிருப்பார்கள். ‘பாட்டி காலத்திலிருந்து சாப்பிடுகிறோமே’ என்ற சமாதானம் இந்த அளவுக்குப் பொருந்தாது.

குர்குமின் உடம்பில் ஏறுவதும் மிகக் குறைவு. 1998-இல் பெங்களூரில் இரண்டு கிராம் குர்குமினோடு, மிளகில் உள்ள பிப்பெரின் என்ற பொருளை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் கிடைக்கும் அளவு 2,000 சதவீதம் கூடியது. அட்டைப்பெட்டிகளில் ‘20 மடங்கு உறிஞ்சுதல்’ என்று இருப்பதற்கு மூலம் அதுதான். பிப்பெரின் இதை எப்படிச் செய்கிறது? அன்னியப் பொருளை உருமாற்றி வெளியேற்றும் வேலையைக் குடலிலும் கல்லீரலிலும் தடுத்துத்தான். தடுப்பது குர்குமினுக்கு மட்டும் என்று அதற்குத் தெரியாது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாய்ன் போன்ற சில மருந்துகளின் அளவையும் அது ரத்தத்தில் ஏற்றுகிறது.

2019-இல் இத்தாலியில் மஞ்சள் சப்ளிமென்ட் எடுத்தவர்களிடம் கல்லீரல் அழற்சி வரிசையாகத் தெரியவந்து, அந்நாட்டு சுகாதாரத் துறை எச்சரித்தது. அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் குழு 2022-இல் பத்துப் பேரைப் பற்றி எழுதியது. அவர்களில் ஒருவர் இறந்துபோனார். பலரிடம் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது. கோடிக்கணக்கானோர் எடுக்கும் பொருளில் இது அரிதுதான். ஆனால் அழற்சியைத் தடுக்க வாங்கியது கல்லீரலில் அழற்சியைக் கொண்டுவருகிறது என்றால், அரிது என்று சொல்லித் தள்ள எனக்கு மனமில்லை. கிரீன் டீ விஷயமும் இதே. கோப்பையில் குடிப்பது வேறு. அதன் கேட்டச்சின் ஒன்றைப் பிரித்து நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுப்பது கல்லீரல் நொதிகளை ஏற்றலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொல்லியிருக்கிறது.

லாரிகளைக் குறைப்பதும் லோடுமேனைக் கூட்டுவதும்

மாத்திரையை விட்டுவிட்டு முதல் படத்துக்குத் திரும்பினால், செய்யக்கூடியது தானாகத் தெரியும். ஆய்வுகளில் கொடுத்த உணவுகளில் 50 கிராம், சிலவற்றில் 100 கிராம் வரை கொழுப்பு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் என்பது 14 கிராம் சுற்றில். கறி பிரியாணி, சிக்கன் 65, கடைசியில் ஐஸ்கிரீம் என்று போனால் 50 கிராமைத் தொட்டுவிடலாம். 65-ஐ நாலு பேர் பகிர்ந்துகொண்டாலே சுமை கணிசமாகக் குறையும். கொழுப்போடு இனிப்புக் கூல் டிரிங்ஸ் சேர்ந்தால் டிரைகிளிசரைடு மேலும் ஏறும். மது சேர்ந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் இறக்கும் வேலையையே அது மந்தமாக்குகிறது.

லோடுமேனைக் கூட்டவும் வழி இருக்கிறது: நடை. விருந்துக்கு முந்தின நாள் மாலை ஒரு மணி நேரம் போல வேகமாக நடந்தவர்களுக்கு, மறுநாள் கொழுப்பு உணவுக்குப் பின் டிரைகிளிசரைடு ஏற்றம் ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தசையில் லிப்போபுரோட்டீன் லைபேஸ் சில மணி நேரம் கழித்துக் கூடுவது ஒரு காரணம். பலன் ஓரிரு நாளில் மங்கிவிடும் என்பதால் மறுபடி நடக்க வேண்டும். நடையை டப்பாவில் அடைத்து விற்க முடியாததால் அதற்கு விளம்பரம் இல்லை.

சர்க்கரை நோய், அதிக டிரைகிளிசரைடு, இதய நோய் உள்ளவர்களுக்கு சாப்பாட்டுக்குப் பிந்தைய நெரிசல் நீளும். அவர்களுக்கு மருத்துவர் கொடுத்திருக்கும் மருந்துகள் பெரிய ஆய்வுகளைக் கடந்து வந்தவை. அவற்றை நிறுத்திவிட்டு கேப்ஸ்யூலுக்கு மாறுவதுதான் இந்தக் கதையிலேயே ஆபத்தான காரியம்.

இவ்வளவுக்கும் பிறகு வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், அட்டையைத் திருப்பிப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் ஹெல்த் சப்ளிமென்ட்களில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதற்குக் கீழே பிப்பெரின் அல்லது மிளகுச் சாறு இருக்கிறதா என்றும் பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்றவை எடுப்பவர்கள், வலிப்பு மருந்து எடுப்பவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள், அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். சிறுநீர் அடர்த்தியான மஞ்சளாகப் போனாலோ, கண் மஞ்சளித்தாலோ, பசியே இல்லாமல் போனாலோ உடனே நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். ‘என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?’ என்று அங்கே கேட்டால், இயற்கைப் பொருள்தானே என்று விட்டுவிடாமல் இதன் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.